உள்ளே மணி அஞ்சேகால்

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். கம்ப்யூட்டருக்குள் அஞ்சேகால்.

தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். துடைத்ததில் இரண்டு மணியும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான். லேப்டாப்பின் மேல் ஓரத்தில் பத்தே முக்கால். அதன் நடுவே திறந்திருந்த பழைய விண்டோஸின் கீழ் ஓரத்தில் அஞ்சேகால்.

அந்தக் கீழ்ப்பட்டையை அவர் நாலு மாதமாகப் பார்த்ததே இல்லை. வேலை நேரத்தில் ஒளிந்துகொள்ளும்படி கம்ப்யூட்டர் கடை ஷைஜா அதை அமைத்திருந்தாள். "அப்பதான் மாமா, ஜாதகக் கட்டம் பெரிசா தெரியும்" என்று காரணமும் சொல்லியிருந்தாள். இன்று கொட்டாவி விட்டபடி மவுஸைக் கீழே இழுத்ததில் பட்டை தலையை நீட்டிவிட்டது.

"ஏட்டி, இங்க கொஞ்சம் வா. மணி என்ன?"

அடுக்களையிலிருந்து மனைவி அழகியநாயகியின் குரல் வந்தது. "சுவர்ல கெடக்கே, கண்ணு தெரியாதா?"

"சுவர்ல கெடக்கது தெரியும். உள்ள அஞ்சேகால் காட்டுது."

"உள்ளன்னா எங்க உள்ள?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

கொட்டாரத்தில் 'தாணுமாலயன் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம்' என்ற பலகை ஏறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கையால் எழுதிய ஜாதகம் என்றாலே அவருக்கு ஆகாது. "கையால எழுதுகவனுக்குக் கை நடுங்கும், கண்ணு மங்கும், வாயில வெத்தலையப் போட்டுட்டுக் கூட்டும்போது ஒண்ணு விட்டும் போகும். மிஷினுக்கு வெத்தலை கெடையாது பாத்துக்கிடுங்க. மிஷின் சொன்னா அப்பீல் இல்ல" என்பார். இது வெளியே வருகிறவர்களுக்கு மட்டும் சொன்ன வசனம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டிலும் அதே சட்டம்தான். ஸ்கூட்டர் வாங்கியது மிஷின் சொன்ன நாளில். மகள் அஞ்சு ஆசைப்பட்ட கல்லூரி இருந்த திசை அவளுக்கு ஆகாது என்று மிஷின் சொல்லிவிட்டதால், அவள் சேர்ந்தது வேறு கல்லூரியில்.

போன ஐப்பசியில் அந்த மிஷின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஜாதக புரோகிராமோ பழைய விண்டோஸில் மட்டும் ஓடுகிற ஜாதி. அதை எழுதியவர் காலமாகிவிட்டார். சி.டி. போன இடமும் தெரியவில்லை. அப்போதுதான் அஞ்சு தன் பள்ளித்தோழி ஷைஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஷைஜா கொட்டாரம் சந்திப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள்.

"கவலைப்படாதீங்க மாமா. ஹார்ட் டிஸ்க்குக்கு உயிர் இருக்கு. மொதல்ல அத ஒரு இமேஜ் எடுக்கணும்."

"நேத்தே எடுத்தாச்சு மோளே" என்று செல்போனை நீட்டினார் தாணுமாலயன். படத்தில் பழைய கம்ப்யூட்டர் திருநீறும் குங்குமமும் பூசிக்கொண்டு, கழுத்தில் பிச்சிப்பூ மாலையோடு இருந்தது. "ரெண்டு படம் இருக்கு. மாலையோட ஒண்ணு, மாலை இல்லாம ஒண்ணு."

ஷைஜா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சொன்ன இமேஜ், டிஸ்க்கில் உள்ளதை அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுப்பது என்று அவருக்கு விளங்கவைக்க ஒரு டம்ளர் காப்பி ஆயிற்று.

"புது லேப்டாப்புல லினக்ஸ் இருக்கும். அதுக்குள்ள ஒரு கண்டெய்னர். கண்டெய்னருக்குள்ள ஒரு விர்ச்சுவல் மெஷின். அதுக்குள்ளதான் உங்க பழைய விண்டோஸ் ஓடும்."

"கண்டெய்னர்னா தூத்துக்குடிக்குப் போற லாரியில இருக்குமே?"

"அது மாதிரிதான். பெட்டிக்குள்ள பெட்டின்னு வைங்க. வெளிய இருக்கது வீட்டுக்காரன், ஹோஸ்ட்டும்பாங்க. உள்ள இருக்கது விருந்தாளி, கெஸ்ட். தான் இன்னொருத்தன் வீட்டுல இருக்கோம்னு அந்த விருந்தாளிக்கே தெரியாது."

"நல்ல விருந்தாளிதான்" என்றார் தாணுமாலயன்.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. போகும்போது ஷைஜா லேப்டாப்பின் ஓரத்தில் 'முதல் நாள்' என்று ஒரு ஐகானை வைத்துவிட்டுப் போனாள். "உள்ள ஏதாச்சும் கொளறுபடி ஆச்சுன்னா இத அமுக்கலாம். இன்னைக்கு இருக்க மாதிரி ஆயிரும். ஆனா எனக்கிட்ட கேக்காம அமுக்காதீங்க."

இதற்கிடையே திருவட்டாற்றிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. கணபதியப்பன் மகன் சுதீஷ், கீரிப்பாறையில் அரசாங்க வேலை. அரசாங்க வேலை என்ற சொல்லைக் கேட்டதுமே தாணுமாலயன் பாதி மாமனார் ஆகிவிட்டார். மிஷின் படுத்துக் கிடந்தபோதே நாள் குறித்துவிட்டதால், வழக்கத்துக்கு மாறாகப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்னாலேயே பெண் பார்க்கிற வைபவம் வெள்ளிக்கிழமை நடந்தது. சுதீஷ் நாலு முந்திரிக்கொத்தைத் தின்றுவிட்டுப் பேசினான்.

"எங்க வீட்டுல பெம்பிளைங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல. இனி அஞ்சு பஸ்ல நின்னு இடிபட வேண்டாம்."

தாணுமாலயனுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு கரிசனமான பையன்! நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷம் வேலைபார்த்து, போன மாதம்தான் அதற்குப் பொறுப்பாளராகி இருந்த அஞ்சு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "வெக்கம்" என்று அவர் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு காரியம் சொல்லணும்."

"ஞாயித்துக்கெழமை நல்ல நாளு. அன்னைக்குத்தான் மிஷினத் தொடப்போறேன். மொதல்ல மிஷின் சொல்லட்டும் மோளே, பெறவு நீ சொல்லு."

சனிக்கிழமை, ஏதோ பாக்கி வேலை இருக்கிறது என்று ஷைஜா மறுபடி வந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை மிஷின் சொன்னது. சுதீஷின் நட்சத்திரம் மிருகசீரிடம். அஞ்சுவுக்குச் சித்திரை. ஜோடிக்கு ரஜ்ஜு ஒன்றாக இருக்கக் கூடாது; இரண்டுக்கும் தலை ரஜ்ஜு. கட்டினால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது.

கணபதியப்பன் கையால் எழுதிய ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "எனக்க மோன் ரோகிணி வே! இன்னா, எழுதியிருக்கு பாரும். பையனப் பெத்த எனக்குத் தெரியாதா?"

"பெத்தது நீரு. கணக்குப் பாக்கது மிஷின். எழுதினவன் வெத்தலை போட்டிருப்பான்."

அத்தோடு அது முடிந்தது. "மிஷின் சொன்னா அப்பீல் இல்லையேப்பா" என்று மட்டும் அஞ்சு சொன்னாள். அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பஸ்ஸுக்குப் போனாள். தாணுமாலயன் மனைவியிடம் தனியாகச் சொன்னார். "துக்கத்த மறைக்கா. பெத்த வயிறு, ஒனக்குத் தெரியல்லியா?"

"எனக்கு ஒரு துக்கமும் தெரியல்ல" என்றாள் அழகியநாயகி.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் கழித்து, இன்று உள்ளே மணி அஞ்சேகால்.

அவர் அந்த மணியின் மேல் அமுக்கிப் பார்த்தார். ஊர்களின் பட்டியல் விரிந்தது. இந்தியா இருக்கவேண்டிய இடத்தில் லண்டன் இருந்தது. பிறந்த நேரம் எந்த ஊர்க் கணக்கு என்று அந்தப் பழைய புரோகிராம் விண்டோஸிடம்தான் கேட்கும். லண்டன் என்று விண்டோஸ் சொன்னால் அதற்கும் லண்டன்தான். கொட்டாரம் ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்குப் பிறந்த பிள்ளையை அது பதினொன்றரைக்குப் பிறந்ததாகக் கணக்குப் போடும். நட்சத்திரத்தின் கடைசி நாழிகையில் பிறந்தவர்கள் ஒரு நட்சத்திரம் தள்ளி விழுவார்கள். ரோகிணிக்காரன் மிருகசீரிடம் ஆவான்.

"கணபதியப்பன் சொன்னது செரிதாம்ட்டி" என்றார். "நான்தான் பிள்ளைக்க வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டேன்."

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஷைஜாவின் கடைக்குப் போனார். பூட்டியிருந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், திருவனந்தபுரம் போயிருக்கிறாள், வருவதற்குப் பத்து நாளாகும் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். போன் அடித்தார். எடுக்கவில்லை.

பொறுத்திருந்தால் பத்து நாளில் வந்திருப்பாள். பொறுக்கிற மனசா அது? வீட்டுக்கு வந்து லண்டனைத் தானே மாற்றப் பார்த்தார். மாற்றினால், அதற்கு உரிமை இல்லை என்றது மிஷின். யாரோ பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். அங்கே அமுக்கி இங்கே அமுக்கி, கடைசியில் பார்வை 'முதல் நாள்' ஐகானில் வந்து நின்றது. அதை அமுக்கினார். திரையில் ஒரு கேள்வி வந்தது.

'எல்லாம் முதல் நாள் இருந்தபடி ஆகிவிடும். சரியா?'

தாணுமாலயன் அந்த வரியை மூன்று தடவை படித்தார். மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நிலைமையில் இருக்கிற எந்த மனுஷனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டாலும் வேண்டாம் என்றா சொல்வான்? 'சரி' என்பதை ஆள்காட்டி விரலால் அழுத்தி அமுக்கினார்.

உள்ளே இருந்த விண்டோஸ் அணைந்து மறுபடி எழுந்தது. மணி பதினொன்று இருபது. சுவரிலும் பதினொன்று இருபது. பட்டியலில் லண்டன் போய் இந்தியா வந்திருந்தது.

"மொத நாள் ஷைஜா செரியாத்தான் வச்சிருக்கா. பெறவு அந்த விருந்தாளி தானா எங்கயோ போயிருக்கான்" என்று முடிவுகட்டினார். தானாகப் போகிற சாமானா அது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஆனால் நாலு மாதமாகப் பார்த்த ஜாதகங்கள் ஒன்றும் உள்ளே இல்லை. அறுபத்தொரு பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என நினைத்து, பேரும் போன் நம்பரும் எழுத நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பேர்களும் நம்பர்களும் அந்த மிஷினுக்குள்தான் இருந்தன.

"இருந்த பேரையும் அழிச்சாச்சா?" என்றாள் அழகியநாயகி.

"கொஞ்சம் சும்மா இருட்டி."

மனசில் பதிந்திருந்த சுதீஷின் நேரத்தை மட்டும் மறுபடி கொடுத்துப் பார்த்தார். ரோகிணி. அஞ்சுவுக்குச் சித்திரையில் மாற்றமில்லை. ரஜ்ஜு தட்டவில்லை. பத்துக்கு ஏழு. ஏழு பொருத்தம்! அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

அஞ்சு வேலையிலிருந்து வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா ஒனக்குத் துரோகம் பண்ணிட்டேன் மக்கா. அந்தத் திருவட்டாறு காரியம் கெட்டது மிஷினுக்குள்ள மணி தப்பினதால."

அஞ்சுவின் முகம் வெளுத்தது. "விடுங்கப்பா. நடக்காதது நடக்காததாவே இருக்கட்டும்."

அதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு பிளந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருவட்டாற்றுக்குக் கிளம்பிவிட்டார்.

கணபதியப்பன் வீட்டுத் தாழ்வாரத்தில் கல்யாண அழைப்பிதழ்க் கட்டுகள் அடுக்கியிருந்தன. சுதீஷுக்குத் தக்கலையில் பெண் நிச்சயமாகி, வைகாசியில் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தது யார்? தாணுமாலயனேதான்; பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பேரைச் சொல்லாமல் பிறந்த நேரத்தை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். தை மாதம், லண்டன் மணியில். மாப்பிள்ளை மிருகசீரிடம், பெண் திருவோணம், பொருத்தம் எட்டு என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

"எதுக்கு வே வந்தீரு?" என்றார் கணபதியப்பன்.

வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ரோகிணியும் திருவோணமும் சேர்ந்தால் கழுத்து ரஜ்ஜு, பெண்ணின் உயிருக்கு ஆகாது. தெரிந்துகொண்டே மறைத்தால் அந்தப் பாவம் யாரை விடும்? அவர் சொன்னார். பாதி சொல்லும்போதே கணபதியப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"அன்னைக்கு ரோகிணி ரோகிணின்னு தொண்டை கிழியச் சொன்னனே! வெத்தலைன்னு சொன்னேரே வே!"

"தப்புதான் வே. எனக்க தப்புதான்."

"இப்ப வந்து ரோகிணிங்கேரு. ஒரு பேச்சுலயாவது நிப்பீரா நீரு?"

சாயங்காலத்துக்குள் தக்கலைக் கல்யாணம் கலைந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் சிவபிரசாத் போனில் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாணுமாலயனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொந்த மோளுக்கு மாப்பிள்ளை வேணும்னு எனக்க மோளுக்க கல்யாணத்தக் கலைச்சிட்டீரே. அவ காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல்ல, கேட்டீரா?"

"அப்படி ஒரு நெனப்பு எனக்கு..." என்று இவர் தொடங்குவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. நினைப்பு இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கொஞ்சம் இருந்தது. அதுதான் அவரை அதிகமாக அரித்தது.

மூன்றாம் நாள் கணபதியப்பன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். உட்காரவில்லை.

"மண்டபம் பிடிச்சாச்சு. சமையலுக்குச் சொல்லியாச்சு. அழைப்பு அடிச்சாச்சு. இப்ப எனக்க மோனுக்குப் பொண்ணு இல்ல. உமக்க மிஷின் இப்ப என்ன சொல்லுகு?"

"ஏழு."

"அப்பம் அதே முகூர்த்தம், அதே மண்டபம். உமக்க மோளத் தாரும். அழைப்புல பொண்ணு பேரு மட்டுந்தான மாத்தணும், அஞ்சுன்னா சின்னப் பேரு. ஸ்டிக்கர் ஒட்டிரலாம்."

நாலு மாதமாக அடைத்துக் கிடந்த கதவு தானே திறந்துவிட்டது. தாணுமாலயன் கணபதியப்பனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி வாக்குக் கொடுத்தாயிற்று.

அஞ்சு வந்ததும் சொன்னார். அவள் தோளில் கிடந்த பையை இறக்கவில்லை.

"மிஷின் என்ன சொல்லுதுப்பா?"

"ஏழு! பத்துக்கு ஏழு!"

"பழைய மணியில ஒருக்கா பாத்தியளா?"

"அந்த மணி இனி இல்ல மோளே. ஒரேயடியா அழிச்சிட்டேன். 'முதல் நாள்' அமுக்கி, நானே செரியாக்கிட்டேன்."

அவள் லேப்டாப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பையோடு உள்ளே போய்விட்டாள்.

"அவளுக்கு முகமே செரியில்ல. கூப்பிட்டு வச்சு ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் அழகியநாயகி.

"கேக்கதுக்கு என்ன இருக்கு? நாலு மாசம் துக்கத்த மறைச்சவ. இப்ப சந்தோஷத்த மறைக்கா."

பதினோராம் நாள் ஷைஜாவின் கடை திறந்தது. கதவைத் தூக்குவதற்கு முன்பே தாணுமாலயன் ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தோடு போய் நின்றார். திட்டவும் வேண்டும், இனிப்புக் கொடுக்கவும் வேண்டும், எதை முதலில் செய்வது என்று வழியெல்லாம் யோசித்து, இரண்டையும் சேர்த்தே செய்தார்.

"எடுத்துக்கோ மக்கா. நீ வச்சிட்டுப் போன விருந்தாளி லண்டன் வாட்ச்சைக் கட்டிட்டு உக்காந்திருக்கான், அதக் கவனிக்கல்லியே நீ? அறுபத்தொரு ஜாதகம் போச்சு. ஒரு பொண்ணுக்க கல்யாணம் கலைஞ்சு போச்சு. அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு தீர்ப்பேன்னு தெரியல்ல. போட்டும். எனக்க பிள்ளைக்க காரியம் மட்டும் நேராயாச்சு. வைகாசியில கல்யாணம், அதே சுதீஷ்தான். வாக்குக் குடுத்தாச்சு. ஒன்னத்தான் மொத ஆளா அழைக்கேன்."

ஷைஜா கையில் எடுத்த முந்திரிக்கொத்தைக் கடிக்காமல் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள்.

"மாமா, எந்த ஊரு மணியில பொருத்தம் கெடும்னு தேடிப் பாத்து, அந்த மணிய லண்டனுக்கு மாத்திப் பூட்டச் சொல்லி, சனிக்கெழமை எனக்க கையப் பிடிச்சிட்டு அழுததே அஞ்சுதான்."